நெளி மோதிரம்

காளிகாட் என்றதும் நம்மவர் மனத்தில் எழுபவை காளி அன்னையின் திருக்கோயிலும், அதன் பின்புறம் ஓடும் ஆதிகங்கையும், செம்பருத்தி மாலை விற்கும் கடைகளுமே. இவ்விடத்தின் பெயர் நாணயவியல் நூல்களிலும் நிலைபெற்றிருப்பதைப் பலர் அறியார். 1783ஆம் ஆண்டில் காளிகாட்டில் மண்ணுக்குள்ளிருந்து குப்தர் காலத்துப் பொற்காசுகள் ஏறத்தாழ 200 வெளிப்பட்டன. நவகிருஷ்ண தேவ் என்னும் செல்வர் அவற்றை அப்போதைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் அளித்தார். ஹேஸ்டிங்ஸ் அவற்றை இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு அனுப்பி வைத்தார். சில காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதலிய இடங்களைச் சென்றடைந்தன. எஞ்சியவற்றுள் பல உருக்கப்பட்டுவிட்டன. பொன் என்று கண்டவர்கள், அது எத்தகைய பொன், எவர் கையில் இருந்த பொன் என்று கேட்கவில்லை.

ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அதே காளிகாட்டில், ஒரு வாடகை வீட்டின் சிறு முற்றத்தில், நானும் என் மகனும் மண்ணில் பொன் தேடினோம். நாங்கள் தேடியது புதையல் அன்று. என் தாயாரின் அரைப் பவுன் நெளி மோதிரம். தேடுவதற்குக் கையாண்டது, நாங்களே வீட்டில் பூட்டியமைத்த ஒரு சிறு கருவி. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்தார் கேட்டபோது இதனையே எழுதத் துணிந்தேன். எழுதுவதற்கு எளிய செய்தி அன்று. ஏனெனில் இதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். பின்புறம் பன்னிரண்டடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட மண்முற்றம். அதில் ஒரு செம்பருத்தி, ஒரு துளசி, ஊரிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த ஒரு கறிவேப்பிலை. தந்தையார் மறைந்தபின் தஞ்சை மாவட்டத்திலிருந்து எங்களோடு வந்து தங்கிய என் தாயார், நாள்தோறும் காலையில் பூப்பறித்துச் சுவாமி படங்களுக்குச் சாத்துவார். முந்தைய நாள் பூக்களைக் கால்படும் இடத்தில் போடலாகாது என்று, அச்செடிகளின் அடியிலேயே சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வீட்டு வேலைக்குத் தெற்கு இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். விடியற்காலையில் கேனிங் லோக்கலில் ஏறிப் பாலிகஞ்சில் இறங்கி, அங்கிருந்து காளிகாட்டுக்கு வருவார். வங்காள வழக்கப்படி நாங்கள் அவரை ‘மாசி’ என்போம். அவர் என் தாயாரை ‘மாசிமா’ என்பார். மாசி என்றால் தாயின் உடன்பிறந்தாள். நம் பெரியம்மா, சித்தி போன்ற உறவு. ஆக, அவ்வீட்டில் இரு பெண்மணிகள் ஒருவரையொருவர் தாயின் உடன்பிறந்தாளாகவே அழைத்து வந்தனர். என் தாயாருக்கு வங்கமொழி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முற்றத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்தபடி இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பர். என்ன பேசினார்கள் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

2022 செப்டம்பர் 11ஆம் நாள் தாயாரின் நெளி காணாமற் போயிற்று. மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றிக் கைக்கெட்டிய இடத்தில் வைப்பது அவர் வழக்கம். அன்று எங்கே வைத்தார் என்பது அவருக்கு நினைவில்லை. அலமாரி, அஞ்சறைப்பெட்டி, படுக்கை எல்லாம் தேடினோம். மாலையில் மாசி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, “மோதிரத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். நான் கேட்டது ஒரு வினாதான். ஆனால் கேட்கும்போதே என் கண் சுவரில் தொங்கிய அவருடைய துணிப்பையின் மீது சென்றதை அவர் கவனித்தார். “இல்லை, தாதா” என்றார். மீதிப் பாத்திரங்களையும் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை, அதன்பின் வரவேயில்லை. அம்மாதத்தில் வேலை செய்த 11 நாள் சம்பளத்தைக் கேட்டும் வரவில்லை. துர்கா பூஜைக்கு அவருக்கென்று தாயார் கரியாஹாட்டில் தேர்ந்தெடுத்து வாங்கிய புடவை பீரோவிலேயே தங்கிவிட்டது.

அவர் வராமல் நின்றதையே குற்றத்துக்குச் சான்றாகக் கொண்டேன். தாயார் மட்டும் ஒருநாள், “பூவோட போயிருக்குமோ என்னவோ” என்றார். முதுமையின் தடுமாற்றம் என்று எண்ணி, அதைச் செவியில் வாங்கவில்லை.

2024 ஜனவரியில் தாயார் காலமானார். கேவ்ராதலா மயானத்தில், எங்கள் கூட்டத்தினின்று சற்று விலகி, அந்த அம்மாள் நின்றிருந்தார். யார் சொல்லி அறிந்தாரோ, எத்தனை மணிக்கு ரயிலேறினாரோ! அவர் என்னிடம் வரவில்லை. நானும் அவரிடம் செல்லவில்லை. என் மகன் மட்டும் போய் அவரருகே நின்றான்.

அவ்வாண்டு நவம்பரில், பதினோராம் வகுப்பில் படிக்கும் அவன், சாந்தினி சௌக் கடைத்தெருவிலிருந்து ஒரு சிறு அட்டைப்பெட்டி வாங்கி வந்தான். உலோகம் காணும் கருவியை நாமே செய்துகொள்வதற்கான ‘கிட்’ அது. பள்ளிப் பொருட்காட்சிக்கு என்று சொன்னான். பெட்டிக்குள் ஓர் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, சில டிரான்சிஸ்டர்கள், மிளகளவும் உளுந்தளவுமான கண்டென்சர்கள், வண்ணக்கோடு போட்ட ரெசிஸ்டர்கள், எனாமல் பூசிய செப்புக் கம்பி, 9 வோல்ட் பாட்டரிக்கான மாட்டி, ஒரு சிறிய ஒலிபெருக்கி ஆகியவை இருந்தன. சரித்திரம் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்ற எனக்கு இவற்றுள் பாட்டரி ஒன்றே அறிமுகமானது. எனினும் சால்டரிங் அயர்னைப் பிடிக்க இரண்டாவது கை வேண்டும் என்றான், உதவிக்கு அமர்ந்தேன்.

அவன் பாதி வங்கமொழியிலும் பாதி தமிழிலும் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். கருவிக்குள் ஆசிலேட்டர் எனப்படும் அலையியற்றிகள் இரண்டு உண்டு. ஒன்று பெட்டிக்குள் அடங்கி, விநாடிக்கு ஏறத்தாழ 1,00,000 முறை அதிர்ந்துகொண்டிருக்கும். மற்றொன்று, வெளியே தரையை நோக்கிப் பிடிக்கும் கம்பிச்சுருளைத் தன் உறுப்பாகக் கொண்டது. இவ்விரு அதிர்வுகளும் மனிதச் செவிக்கு எட்டாதவை. ஆனால் ஒன்று 1,00,000 ஆகவும் மற்றது 1,00,300 ஆகவும் இருந்தால், அவற்றின் வேறுபாடாகிய 300 அதிர்வு ஒலியாகக் கேட்கும். தம்புராவின் இரு தந்திகள் ஏறக்குறைய ஒத்தும் முற்றும் ஒவ்வாமலும் நிற்கும்போது ஓர் அலைவு கேட்குமே, அதே தத்துவந்தான்.

சுருளின் அருகே பொன், செம்பு, அலுமினியம் போன்றவை வந்தால் அவற்றுள் சுழல் மின்னோட்டம் எழும்; அதனால் சுருளின் மின்தூண்டல் குறைந்து அதிர்வெண் உயரும். இரும்பு ஆணி வந்தால் பெரும்பாலும் அதற்கு மாறாகத் தாழும். ஆனால் தட்டையான சோடா மூடி, இரும்பால் ஆனதாயினும், பொன்னைப் போலவே ஒலித்து ஏமாற்றிவிடும். மூடிய வளையமாகிய மோதிரத்தில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிவருவதால், தன் எடைக்கு மீறி அது ஒலி எழுப்பும். ஆக, இக்கருவி சொல்வது ஒன்றே: ‘இங்கே ஏதோ இருக்கிறது.’ அது என்ன என்று சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. ஹூக்ளியின் படித்துறைகளில் கயிற்று நுனியில் காந்தம் கட்டி நீரில் எறிந்து காசு எடுக்கும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அக்காந்தத்தில் ஒட்டுபவை இரும்பு கலந்த எஃகுக் காசுகளே. அலுமினியக் காசும் பொற்காசும் அதற்குப் புலப்படா. ஒவ்வொரு கருவிக்கும் அதன் கண் காணும் எல்லை ஒன்று உண்டு.

ஒரு பிளாஸ்டிக் வாளியின் மேல் 22 சென்டிமீட்டர் விட்டத்தில் 20 சுற்றுக் கம்பி சுற்றினோம். கைப்பிடிக்கு பிளாஸ்டிக் குழாய். சுருளின் அருகே ஓர் இரும்புத் திருகாணிகூட ஆகாது. செடியோ ஈரமண்ணோ அருகில் வந்தாலே கருவி கத்தியது. அதைத் தடுக்கச் சுருளின்மேல் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும் என்றிருந்தது. நான் அரசாங்கக் கோப்புக்கு நாடா கட்டுவதுபோல் முழுவதும் இறுக்கிச் சுற்றிவிட்டேன். அதன்பின் கருவிக்குப் பித்தளைச் செம்பும் தெரியவில்லை. தாள் முழு வளையமாகிவிட்டால் அதுவே ஒரு பெரிய மோதிரமாகிச் சுருளின் ஆற்றலை விழுங்கிவிடுமாம். ஒரு விரற்கடை இடைவெளி விட்டுச் சுற்றிய பிறகே அதற்கு உயிர் வந்தது.

இக்கருவியின் வரலாற்றில் என்னை உறங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. 1881 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கிருக்கிறது என்று அறிய, தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியுடன் இருமுறை வந்தார். கட்டிலின் உலோகச் சுருள்வில்கள் கருவியைக் குழப்பின. அதைவிடப் பெரிய இடையூறு வேறொன்று இருந்தது. குண்டு வலப்புறம் இருப்பதாக மருத்துவர் வில்லார்ட் பிளிஸ் முன்னரே முடிவு செய்திருந்தார். ஆதலால் வலப்புறத்தில் மட்டுமே தேட இடங்கொடுத்தார். செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு உயிர் நீத்தார். பின்னர் உடலை ஆராய்ந்தபோது குண்டு இடப்புறத்தில் இருந்தது.

இதை நான் வாசித்துச் சொன்னபோது என் மகன் தலை நிமிராமல் சொன்னான்: “அப்பா, பாட்டி பூவோட போயிருக்கும்னு சொன்னாங்க. நாம அங்கே தேடவே இல்லையே.”

பொருட்காட்சி என்பது எனக்குச் சொன்ன காரணம் என்பதை அப்போதே உணர்ந்தேன். இரண்டாண்டுக் காலம் அவன் இதை மனத்தில் வைத்திருந்தான். தாயாரின் சொல் அவன் செவியில் விழுந்திருக்கிறது; என் செவியில் விழவில்லை.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தேடத் தொடங்கினோம். வீட்டுக்காரரின் செடிகள், வேரைக் குலைத்து முற்றம் முழுதும் தோண்ட முடியாது. ஆகவே ஒலி எழும் இடத்தை மட்டும் சிறு கரண்டியால் கிளறினோம். அரசு ஊழியனுக்குரிய அச்சத்தால் சட்டத்தையும் பார்த்து வைத்தேன். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். என் மகன் சிரித்தான். நான் ஒரு பழைய நோட்டில், வழக்கம்போல் வரிசை எண் இட்டுக் கணக்கெழுதினேன். முதல் ஞாயிறு: ஆணிகள் 23, சோடா மூடிகள் 6, உடைந்த சாவி 1, பூவிதழ் விளிம்புடைய 10 காசு அலுமினிய நாணயம் 1, அறுகோண 20 காசு 1. அவ்விரு நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் நாளோடு செல்லாக்காசாகிவிட்டவை. பழைய கட்டடத்து இடிபாட்டைக் கொட்டி நிரப்பிய மண் போலும். அடிக்கு ஓர் ஆணி ஒலித்தது. ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு துணுக்குற்றது. மோதிரம் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேனா, கிடைக்கலாகாது என்று அஞ்சினேனா என்பதை இப்போதும் என்னால் உறுதியாகக் கூற இயலாது. கிடைக்காவிடில் என் பழைய முடிவு அப்படியே நிற்கும் அல்லவா?

இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணியளவில், செம்பருத்தியின் அடியில் ஒலி குபீரென்று உயர்ந்தது. மற்றொரு சோடா மூடி என்றேன். அவன் கரண்டியை வைத்துவிட்டு விரலாலேயே மண்ணை விலக்கினான். இரண்டங்குல ஆழத்தில், மக்கிக் கறுத்த பூமண்ணுக்குள், நெளி மோதிரம் கிடந்தது. தண்ணீரில் கழுவியதும் நேற்றுக் கழற்றி வைத்ததுபோல் மின்னியது. பொன்னுக்கு இரண்டாண்டு ஒரு பொருட்டன்று.

நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. கணக்கு நோட்டில் அதற்கு வரிசை எண் இட என் கை எழவில்லை.

சிலப்பதிகாரத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பாண்டியன் செய்த பிழை யாது? கோவலன் கையிலிருந்தது சிலம்பு. காணாமற் போனதும் சிலம்பு. பொற்கொல்லன் சொன்னான்; மன்னன் நம்பினான். வெளித்தோற்றத்தால் இரு சிலம்பும் ஒன்றே போலிருந்தன. உடைத்துப் பார்த்தபோதுதான் ஒன்றில் மாணிக்கமும் மற்றொன்றில் முத்தும் என்பது தெரிந்தது. உடைத்துப் பார்க்கும் காரியத்தை அவன் முதலிலேயே செய்திருக்கலாம். சங்க விழாவில் இதைப் பற்றி நானே ஒருமுறை அரைமணி நேரம் பேசிக் கைதட்டல் பெற்றிருக்கிறேன். என் வீட்டு முற்றத்தில் நானும் பாண்டியனாகவே இருந்தேன் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம், மாசியோடு ஒரே ரயிலில் வந்துபோகும் காய்கறிக்காரம்மாளிடம் விவரம் கேட்டறிந்து, நானும் மகனும் கேனிங் லோக்கலில் புறப்பட்டோம். கையில் மோதிரம், பீரோவிலிருந்த புடவை, ஓர் உறையில் ஐயாயிரம் ரூபாய். சிறு நிலையம் ஒன்றில் இறங்கி, குளக்கரையோரமாக இருபது நிமிடம் நடந்தோம். அவர் வாசலில் பழந்துணி விரித்து உளுந்து வடகம் இட்டுக்கொண்டிருந்தார். என் மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது; என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பலமுறை ஒத்திகை பார்த்து வந்த சொற்கள் தொண்டையில் நின்றுவிட்டன. அவர் மோதிரத்தை எடுத்துப் பார்த்தார்.

“மாசிமாவினுடையது. எங்கே இருந்தது?”

“செம்பருத்திக்கு அடியில்” என்றான் மகன்.

அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அன்று மாசிமாவுக்கு முழங்கால் வலி. பழைய பூவை நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். பூத்தட்டில் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. பூவை யார் கொட்டினார்கள் என்று கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன், தாதா. நீங்கள் அதைக் கேட்கவில்லை.”

குற்றஞ்சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நான் கைகூப்பி, “தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும்” என்றேன். அவர் ஒன்றும் கூறாமல் எங்களுக்கு அமர ஒரு பாய் விரித்தார்.

உறையை நீட்டியபோது வாங்கிப் பிரித்தார். மாதச் சம்பளம் அப்போது 1,500 ரூபாய். பதினொரு நாளுக்கு 550. ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு, மேலே ஐம்பது இருக்கிறதா என்று கேட்டார். என் சட்டைப்பையிலிருந்து ஐம்பது ரூபாய் கொடுத்தேன். மீதியை உறையோடு திருப்பித் தந்துவிட்டார். எவ்வளவு வற்புறுத்தியும் கேட்கவில்லை. புடவையை மட்டும், “இது மாசிமா எடுத்ததா?” என்று கேட்டு, ஆம் என்றதும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோதிரத்தை என் மகன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

திரும்பி வேலைக்கு வருவீர்களா என்று கேட்க எனக்கு வாயெழவில்லை. கரியாவில் வேறு வீட்டில் வேலை செய்வதாக அவரே சொன்னார். ஆனால் அடுத்த ஜனவரியில் தாயாரின் முதலாண்டுத் திதியன்று, சொல்லாமலே வந்தார். அந்தப் புடவையைத்தான் உடுத்தியிருந்தார். சாப்பிட்டபின் முற்றத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு, மூன்று மணி ரயிலுக்குப் போனார்.

கருவி பொருட்காட்சியில் பரிசு பெறவில்லை. இப்போது பரணில் கிடக்கிறது. பாட்டரியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். விசாரிப்பது என்றால் வினா எழுப்புவது என்று மட்டும் நான் எண்ணியிருந்தேன். வினா எழுப்பும் முன்னரே விடையை வைத்திருப்பவன் விசாரிப்பவன் அல்லன் என்பதைக் காளிகாட்டு மண்ணில் இரண்டங்குல ஆழத்தில் கற்றுக்கொண்டேன். பிழைக்க வந்த ஊரில், நம் மொழி அறியாதவர்களின் உழைப்பை நம்பி நாம் குடித்தனம் நடத்துகிறோம். நம் வீட்டில் ஒரு பொருள் காணாமற் போகும் நாளில், நம் கண் முதலில் எவர் பையை நோக்கிச் செல்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.